வெடித்தது எந்த நட்சத்திரம்?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "உன் தொழிலைப் பற்றிப் பேசாதே, உன் பைத்தியத்தைப் பற்றிப் பேசு" என்றார். தொழில், அனல்மின் நிலையங்களில் பாய்லர் குழாய்கள் ஏன் வெடித்தன என்று கண்டுபிடிப்பது. பைத்தியம், வானியல். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. இரண்டிலும் கேள்வி ஒன்றே: வெடித்துப் போன ஒன்று, வெடிப்பதற்கு முன் எப்படி இருந்தது?

பாய்லரில் எனக்குக் கொஞ்சம் வசதி உண்டு. கிழிந்த குழாய் கையில் இருக்கும். அதே வரிசையில் வெடிக்காத குழாய்கள் இருக்கும். போன ஷட்டவுனில் எடுத்த தடிமன் கணக்கு லாக் புத்தகத்தில் இருக்கும் (இருக்க வேண்டும்!). வானியல்காரர்களுக்கு இது எதுவும் கிடையாது. எங்கோ கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடிக்கிறது. நமக்குத் தெரிவது அந்த வெளிச்சம் மட்டும். வெடித்தது எது என்று கேட்டால், அந்த இடத்தை யாராவது முன்பே படம் எடுத்து வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதுவும் உடனே முடியாது. நாலைந்து வருஷம், சில சமயம் பத்து வருஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இரண்டு நிமிஷம் பாடம். ப்ளஸ் டூவில் படித்ததுதான், பயப்படாதீர்கள்.

நட்சத்திரம் வெடிப்பதை சூப்பர்நோவா என்கிறோம். வெடிக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறை உள்ள பெரிய நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்து, நடுப்பகுதி தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் இடிந்து விழுவது ஒன்று. உள்ளே இடிந்த வேகத்தில் வெளிப்பகுதி சிதறுகிறது. இரண்டாவது, வெள்ளைக் குள்ளன். சூரியன் போன்ற நட்சத்திரங்கள் வாழ்ந்து முடித்தபின் மிஞ்சுகிற, பூமி அளவே இருக்கிற, பயங்கர அடர்த்தியான உருண்டை. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து இழுத்து இதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை நெருங்கினால், உள்ளே அணு எரிப்பு கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்ளும். 1.4 என்ற அந்த வரம்புக்குச் சந்திரசேகர் வரம்பு என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கில் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. மூன்றாம் ஆண்டுத் தம்பிகள் தங்கள் வயதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நானும் நினைத்துக்கொண்டேன், வருத்தமாகத்தான் இருந்தது.

பெரிய நட்சத்திரம் வெடிக்கும் தருணத்தில் அது சிவப்புப் பேரரக்கனாக இருக்கும் என்பது பாடப் புத்தகம் சொன்ன விஷயம். உப்பிப் பெருத்து, மேற்பரப்பு குளிர்ந்து சிவந்த நட்சத்திரம். நம் திருவாதிரை அந்த ஜாதிதான். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையைக் கொண்டுபோய் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். அவ்வளவு பெரிசு.

இந்தப் பாடத்தை 1987 கலைத்துப் போட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் இயான் ஷெல்டன் என்ற கனடாக்காரர், பெரிய மெகல்லனிக் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இது நம் பால்வீதிக்குப் பக்கத்து வீட்டுக் குட்டி காலக்ஸி. சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஒளியாண்டு தூரம். கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தால், முந்தின நாள் இல்லாத ஒரு கொழுத்த புள்ளி. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது! அதே மலையில் ஆஸ்கர் டுஹால்டே என்ற தொலைநோக்கி இயக்குநரும் அதை வெறுங்கண்ணால் பார்த்திருந்தார். 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா. பெயர், 1987ஏ.

நம்மூருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வேணு பாப்பு வானாய்வகத்திலிருந்தும் இதன் நிறமாலையை எடுத்தார்கள். அந்தக் காலக்ஸி தென்வானத்தில் வெகு கீழே இருப்பது. காவலூரில் அது தொடுவானத்துக்கு மேலே அதிகபட்சம் எட்டு டிகிரிதான் எழும்பும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பத்து டிகிரி. அதற்கும் குறைவு. அந்த உயரத்தில், மலை முகட்டுக்கும் மூட்டத்துக்கும் நடுவே நிறமாலை எடுத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

வெடித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நிக்கோலஸ் சாண்டுலீக் என்ற அமெரிக்க வானியலாளர் இந்த மேகத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரங்களை வரிசைப்படுத்தி 1970-இல் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். பட்டியலில் –69 டிகிரிப் பட்டையில் 202-ஆவது நட்சத்திரம். அதனால் அதன் பெயர் சாண்டுலீக் –69 202. ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒரு பெயர்! ஆனால் அந்தப் பதிவைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். காரணம், அது சிவப்பு இல்லை. நீலம். சிறுத்து, சூடான, நீலப் பேரரக்கன். இது வெடிக்கக் கூடாத நட்சத்திரம்!

திகைப்பு அத்தோடு நிற்கவில்லை. ஐ.யு.இ. என்ற புறஊதாச் செயற்கைக்கோள் அந்த இடத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெடித்துச் சிதறிய பொருள் சில வாரங்களில் ஆறிப்போய் புறஊதா வெளிச்சம் மங்கியது. மங்கிய பின் பார்த்தால், அங்கே இன்னும் சூடான நட்சத்திர வெளிச்சம் தெரிகிறது. அப்படியானால் சாண்டுலீக் உயிரோடு இருக்கிறதா? வெடித்தது வேறு ஏதோ பக்கத்து நட்சத்திரமா? "பாடப் புத்தகம் பிழைத்தது" என்று சிலர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

பிறகு பழைய படத்தட்டுகளை எடுத்து உன்னிப்பாக அளந்தார்கள். சாண்டுலீக் என்று நினைத்த அந்தப் புள்ளி ஒன்று இல்லை, மூன்று. பெரியதை ஒட்டி இரண்டு சின்ன நீல நட்சத்திரங்கள், மூன்று விகலைத் தொலைவில் ஒன்று, ஒன்றரை விகலைத் தொலைவில் இன்னொன்று. செயற்கைக்கோளின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்ததில் மிஞ்சியிருந்தவை அந்தச் சின்னவை இரண்டும்தான். பெரியவர் இல்லை. போயே போய்விட்டார். வரலாற்றில் முதன்முறையாக, வெடித்த நட்சத்திரம் இன்னதுதான் என்று ஆள் அடையாளம் உறுதியானது. அதை உறுதி செய்தது வெடிப்பின் வெளிச்சம் அல்ல. வெளிச்சம் அடங்கியபின் அங்கே இல்லாமல் போனது எது என்ற கணக்கு.

நீலம் என்று தெரிந்ததும் வேறு பல புதிர்கள் தாமாக அவிழ்ந்தன. 1987ஏ எதிர்பார்த்த அளவு பிரகாசிக்கவில்லை, உச்சத்தை எட்டவும் மே மாதம் வரை எடுத்துக்கொண்டது. சிறுத்த நட்சத்திரம் வெடித்தால் ஆற்றலில் பெரும்பகுதி, பொருளை விரிப்பதிலேயே செலவாகிவிடும், வெளிச்சத்துக்கு மிஞ்சுவது குறைவு. பாய்லர்காரனுக்கு இது புரியும்: நீராவி விரியும்போது ஆறிப்போகும். அதன்பின் தெரிந்த வெளிச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் கதிரியக்க கோபால்ட், அரை ஆயுள் 77 நாள். சூப்பர்நோவாவின் வெளிச்சம் மங்கிய வேகமும் அந்த 77 நாள் கணக்கோடு ஒத்துப்போனது.

ஏன் நீலமாக இருந்தது என்பதற்கு இரண்டு விளக்கம். அந்தக் குட்டி காலக்ஸியில் கனமான தனிமங்கள் குறைவு, அதனால் நட்சத்திரம் சுருங்கியே இருந்தது என்பது ஒன்று. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று விழுங்கி ஒன்றாகிப் பிறந்த நட்சத்திரம் அது என்பது மற்றது. வெடித்த இடத்தைச் சுற்றி மூன்று வளையங்கள் தெரிகின்றன. வெடிப்பதற்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உதறப்பட்ட பொருள். தனியாக இருந்த நட்சத்திரம் இப்படி அழகான வளையம் போடாது என்பதால் என் ஓட்டு இரண்டாவது விளக்கத்துக்கு. உள்ளே நியூட்ரான் நட்சத்திரம் மிஞ்சியிருக்கிறதா என்ற கேள்விக்கு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட ஆர்கான் வாயுவின் தடயம் 2024-இல்தான் வலுவான ஆதாரம் தந்தது. முப்பத்தேழு வருஷம்! எங்கள் தொழிலில் ஃபெயிலியர் ரிப்போர்ட் முப்பத்தேழு நாள் தாமதமானாலே போன் மேல் போன் வரும்.

சரி, 1987ஏ பக்கத்து வீடு. பட்டியலிலேயே பெயர் இருந்தது. தூரத்துக் காலக்ஸிகளில் என்ன செய்வது?

1990-இல் ஹப்பிள் தொலைநோக்கி மேலே போனது. அது எடுக்கும் படம் எல்லாம் கிடங்கில் சேர்கிறது. படம் எடுக்கக் கேட்டவருக்குப் பொதுவாகச் சில காலம் முன்னுரிமை, அதன்பின் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலக்ஸியில் சூப்பர்நோவா தெரிந்ததும் முதல் வேலை, அந்தக் காலக்ஸியை ஹப்பிள் முன்பு எதற்காகவாவது எடுத்திருக்கிறதா என்று கிடங்கைக் குடைவது. இருந்தால் புதுப்படம் ஒன்று எடுத்து, இரண்டிலும் பொதுவாக உள்ள நட்சத்திரங்களை வைத்துப் பழைய படத்தின்மேல் புதிய படத்தைப் பொருத்த வேண்டும். கட்டடப் பிரிவு நண்பர்கள் சர்வேயில் செய்வதுதான். பொருத்தியபின், சூப்பர்நோவா விழும் இடத்தில் பழைய படத்தில் புள்ளி இருக்கிறதா?

இருந்தால் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஹப்பிளின் படத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 0.05 விகலை. பதினொரு கோடி ஒளியாண்டு தூரத்தில் அந்த ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 26 ஒளியாண்டு! சூரியன், ஆல்ஃபா சென்டாரி, சிரியஸ் மூன்றும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். சின்ன நட்சத்திரங்கள் அந்தத் தூரத்தில் தெரியவே தெரியாது, பேரரக்கர்கள் மட்டும்தான் புள்ளியாகத் தெரிவார்கள் என்பதால் பிழைத்தோம். இருந்தாலும் அந்தப் புள்ளி ஒரு நட்சத்திரமா, ஒரு கூட்டமா, வெடித்தவனின் பக்கத்து வீட்டுக்காரனா? சூப்பர்நோவா எரியும்வரை சொல்ல முடியாது, அதன் வெளிச்சம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அடங்கும்வரை காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும். புள்ளி அப்படியே இருந்தால் அது வேறு யாரோ. காணாமல் போயிருந்தால் அவரேதான்.

இந்த முறைக்கு நல்ல சாட்சி 2005ஜிஎல். என்.ஜி.சி. 266 என்ற காலக்ஸியில், இருபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், 2005 அக்டோபரில் தெரிந்தது. 1997-இல் ஹப்பிள் அந்த இடத்தை எடுத்திருந்தது. படத்தில் ஒரே ஒரு புள்ளி, சூரியனைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பிரகாசம். அந்த வகை நட்சத்திரங்கள் அவ்வப்போது பொங்கிப் பொருளைக் கக்குபவை. நம் பால்வீதியின் ஈட்டா கரினே, 1840-களில் பொங்கி வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகத் தெரிந்ததே, அந்த ஜாதி. கோட்பாட்டின்படி அவை வெடிப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது, இருக்கிற ஹைட்ரஜனை எல்லாம் உதறிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்த்தான் வெடிக்க வேண்டும். ஆகவே 2007-இல் இஸ்ரேலின் அவிஷாய் கல்-யாம் குழு இதைச் சொன்னபோது, "அது நட்சத்திரக் கூட்டமாக இருக்கும் சார்" என்று தள்ளிவிட இடம் இருந்தது. அதே ஆண்டு எடுத்த ஹப்பிள் படத்தைக் கொண்டு, அவரும் டக்ளஸ் லெனார்டும் 2009-இல் பதில் சொன்னார்கள். புள்ளி இல்லை. ஒரு கூட்டம் மொத்தமாகக் காணாமல் போகாது. வெடித்தது அந்த ஒற்றை நட்சத்திரமேதான்.

1993ஜே-யின் கதையும் இப்படித்தான். எம்81 காலக்ஸியில் 1993 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு அமெச்சூர் ஒருவர் கண்டுபிடித்தது. முதலில் ஹைட்ரஜன் காட்டியது, சில வாரங்களில் ஹைட்ரஜன் மங்கி ஹீலியம் காட்டியது. ஆள் மாறாட்டம் செய்வதுபோல. அதன் மேல் சட்டையை, அதாவது ஹைட்ரஜன் போர்வையை, யாரோ பக்கத்திலிருந்து உருவிவிட்டார்கள் என்று சந்தேகம். சந்தேகப்பட்ட அந்தத் துணை நட்சத்திரத்தின் அடையாளம் 2004-இல் கிடைத்தது, வெடித்த சிவந்த நட்சத்திரம் மறைந்துவிட்டது 2009-இல் உறுதியானது. பதினாறு ஆண்டு.

இவ்வளவையும் சொன்னது, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றுக்கு வருவதற்காக.

வெள்ளைக் குள்ளன் வெடிக்கிற சூப்பர்நோவாவுக்கு 1ஏ வகை என்று பெயர். எல்லாம் ஏறத்தாழ ஒரே வரம்பில் வெடிப்பதால் ஒரே மாதிரி பிரகாசம், சின்னத் திருத்தம் செய்தால் போதும். அதனால் இவை பிரபஞ்சத்தின் அளவுகோல். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம். இதை வைத்துத்தான் பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் சொன்னார்கள். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு. இத்தனை பெரிய கட்டடத்தைத் தாங்குகிற அந்த 1ஏ வகையில், வெடிப்பதற்கு முன் அந்த ஜோடி எப்படி இருந்தது என்று யாரும் படத்தில் பார்த்ததில்லை! 2011 ஆகஸ்டில் இரண்டு கோடிச் சொச்சம் ஒளியாண்டுத் தொலைவில் எம்101 காலக்ஸியில் ஒரு 1ஏ வெடித்தது. இந்த வகைக்கு அது கைக்கெட்டும் தூரம். ஹப்பிள் கிடங்கில் பழைய படமும் இருந்தது. பார்த்தால் அந்த இடம் காலி. பக்கத்தில் சிவப்பு அரக்கன் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், ஆக அது இல்லை என்பது மட்டும் நிச்சயம். அளவுகோலில் கோடுகள் சரியாக இருக்கின்றன, மரம் எந்த மரம் என்று தெரியாது என்கிற நிலை.

இந்த நிலையில் 2012 ஜனவரியில் என்.ஜி.சி. 1309 என்ற காலக்ஸியில் 2012இசட் தெரிந்தது. தூரம் சுமார் பதினொரு கோடி ஒளியாண்டு. நான் 26 ஒளியாண்டு கட்டம் என்று சொன்னது இந்தத் தூரத்துக்குத்தான். இது 1ஏ-யின் ஒன்றுவிட்ட தம்பி. 1ஏஎக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரகாசம் குறைவு, பொருள் சிதறும் வேகமும் குறைவு. வெடிக்க ஆரம்பித்து முழுசாக வெடிக்காமல் போன வெள்ளைக் குள்ளன் என்று சந்தேகம். தீபாவளியில் புஸ்ஸென்று போகிற வெடி இருக்கிறதே, திரி எரிந்து பாதி மருந்து மிஞ்சி நிற்குமே, அது.

நல்ல காலம், என்.ஜி.சி. 1309-ஐ ஹப்பிள் 2005-லும் 2006-லும் மணிக்கணக்கில் படம் எடுத்து வைத்திருந்தது. எதற்கு? அதே காலக்ஸியில் 2002-இல் ஒரு சாதாரண 1ஏ வெடித்திருந்தது. அதன் தூரத்தைச் சரிபார்க்க அங்குள்ள செஃபீட் நட்சத்திரங்களைத் தேடி ஆடம் ரீஸ் குழுவினர் எடுத்த படங்கள் அவை. அளவுகோலைச் சரிபார்க்க எடுத்த படத்தில், அளவுகோலின் தம்பி வெடிப்பதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது! எங்கள் தொழிலிலும் இது நடக்கும். வெல்டிங் சரிபார்க்க எடுத்த எக்ஸ்-ரே ஃபிலிமின் ஓரத்தில், வருஷங்கள் கழித்து வெடித்த குழாயின் வளைவு விழுந்திருக்கும். அந்த ஓரத்தை வெட்டி எறியாமல் வைத்திருந்த ஸ்டோர் கீப்பரைக் கும்பிடத் தோன்றும்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்டிஸ் மக்கல்லியும் சௌரப் ஜாவும் அவர்கள் குழுவினரும் அந்தப் பழைய படத்தில் வெடித்த இடத்தைப் பார்த்தார்கள். ஒரு நீலப் புள்ளி இருந்தது. 2014 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வெள்ளைக் குள்ளன் அந்தத் தூரத்தில் தெரியவே தெரியாது, பூமி அளவுதானே. ஆகவே தெரிந்தது அதன் ஜோடி. ஹைட்ரஜனை இழந்து ஹீலியம் மேலே தெரிகிற சூடான நட்சத்திரம், அது தன் ஹீலியத்தைக் குள்ளனுக்குக் கொடுத்துக் கொடுத்து வரம்பை நோக்கித் தள்ளியிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். நம் பால்வீதியில் 2000-இல் ஹீலியம் பற்றிக்கொண்டு பிரகாசித்த வி445 பப்பிஸ் என்ற ஜோடியின் சாயல் இதில் இருந்தது. வெள்ளைக் குள்ளன் வெடிப்பு ஒன்றுக்கு, வெடிப்பதற்கு முந்தைய படம் கிடைத்தது இதுவே முதல்முறை.

நேர்மையானவர்கள், அதனால் கட்டுரையிலேயே சோதனையையும் எழுதி வைத்தார்கள். சூப்பர்நோவா அடங்கியபின் மறுபடி பார்ப்போம். நீலப் புள்ளி அப்படியே இருந்தால் அது ஜோடி, நாங்கள் சொன்னது சரி. காணாமல் போயிருந்தால் வெடித்ததே அந்த நீல நட்சத்திரம்தான், குள்ளன் கதை தப்பு. இரண்டில் ஒன்று என்றுதானே நாமும் நினைப்போம்?

வெடித்து ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குப் பின் ஹப்பிள் எடுத்த படங்களை வைத்து 2022-இல் அடுத்த கட்டுரை வந்தது. புள்ளி மறையவும் இல்லை, பழைய அளவுக்கு வரவும் இல்லை. வெடிப்பதற்கு முன் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கிறது!

ஆக, நீல நட்சத்திரம் வெடித்தது என்ற பேச்சு அடிபட்டது. அந்த மிச்ச வெளிச்சம் யாருடையது? வெடிப்பின் அடி வாங்கி உப்பிய ஜோடியா? அல்லது வெள்ளைக் குள்ளன் முழுசாகச் சாகாமல், அதன் மிச்சம் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறதா? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். புஸ்ஸென்று போன வெடியில் மருந்து மிஞ்சும் என்றேனே, அந்த மிஞ்சிய மருந்தைத்தான் பார்க்கிறோமோ என்னவோ. பத்திரிகைக்காரர்கள் இதற்கு ஜோம்பி நட்சத்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. நம்மூரில் இதற்குக் குற்றுயிர் என்று நல்ல சொல் இருக்கிறது.

இந்த முறைக்குப் பலவீனம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வில்லன் தூசி. சாகப்போகிற நட்சத்திரம் தான் உதறிய தூசிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 2023 மே மாதம் எம்101-இல் ஜப்பானிய அமெச்சூர் கோயிச்சி இதகாகி கண்டுபிடித்த 2023ஐஎக்ஸ்எஃப் நல்ல உதாரணம். ஹப்பிள், ஸ்பிட்சர் இரண்டின் பழைய படமும் உண்டு, சிவப்புப் பேரரக்கன் என்பதிலும் சண்டை இல்லை. ஆனால் அதன் நிறை என்ன என்று கேட்டால் எட்டு சூரியன் என்பதிலிருந்து இருபது சூரியன் வரை ஆளுக்கொரு விடை. படம் ஒன்றுதான், தூசிக்கு ஒவ்வொருவரும் போட்ட கழிவுதான் வேறு. இதனால் இன்னொரு பெரிய கேள்வியும் தொங்கலில் நிற்கிறது. ஸ்டீபன் ஸ்மார்ட் குழுவினர் 2009-இல் தொகுத்துப் பார்த்தபோது, வெடித்ததாக அடையாளம் கண்ட சிவப்புப் பேரரக்கர்கள் எல்லாம் ஏறத்தாழ பதினேழு சூரியனுக்குள்தான். அதற்கு மேற்பட்டவர்கள் வானத்தில் இருக்கிறார்கள், வெடித்தவர் பட்டியலில் இல்லை. சத்தமில்லாமல் கருந்துளையாகிவிடுகிறார்களா, தூசியால் நாம்தான் குறைத்து எடைபோட்டோமா? என்னைக் கேட்டால் தூசியை இன்னும் நன்றாக அளக்காமல் கருந்துளைப் பேச்சுக்குப் போகக் கூடாது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு தகவல். ஹப்பிள் கிடங்கு இன்றும் திறந்தே இருக்கிறது. நம் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து என்.ஜி.சி. 1309-இன் 2005 படத்தை இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. இரண்டு படத்தைப் பொருத்துவது மூன்றாம் செமஸ்டர் கணக்கு. இமேஜ் புராசஸிங்கில் புராஜெக்ட் தேடி அலைகிறவர்கள் எனக்கு எழுதினால் உதவுகிறேன். சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்து ஆண்டு தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் எடுப்பதற்கென்றே கட்டியது. முன்படம் இல்லையே என்ற குறை பக்கத்துக் காலக்ஸிகளுக்காவது பெருமளவு தீரும்.

உரை முடிந்தபின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து, "அண்ணா, திருவாதிரை வெடித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? அதற்குத்தான் எக்கச்சக்கமாகப் படம் இருக்கிறதே?" என்று கேட்டார். நல்ல கேள்வி, அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். ஆமாம், ஆள் அடையாளத்துக்குப் பிரச்சினையே இல்லை. 2019 கடைசியில் அது மங்கியபோது உலகமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் அது உதறிய தூசியின் வேலை என்று தெரிந்தது. அதற்கு ஒரு சின்னத் துணை நட்சத்திரம் இருப்பதுபோல் ஜெமினி நார்த் தொலைநோக்கியின் படத்தில் தெரிவதாகவும் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வெடித்தால் வேறொரு தொல்லை உண்டு, தங்கச்சி. அது ஏறக்குறைய அரைநிலா அளவு பிரகாசிக்கும். மங்கலான புள்ளிகளைப் பார்ப்பதற்காகக் கட்டிய பெரிய தொலைநோக்கிகளின் கருவிகள் அந்த வெளிச்சத்தில் திணறிப்போகும், அப்படியே அதன் பக்கம் திருப்ப முடியாது. அப்போது காலேஜ் மொட்டை மாடியில் இருக்கிற நம் எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் தேடித்தான் வருவார்கள். அதன் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு போட வேண்டியிருக்கிறது. பொருளாளர் இங்கேதான் இருக்கிறார்.